அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று போடு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “அம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பவித்ராவும் பக்கத்துல இருக்கா” என்றாய். கல்யாணமாகி மூன்று மாதம், ஹைதராபாத்தில் புது வீடு, அடுத்த மாதத்திலிருந்து புது வேலை. பழைய கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிந்துவிடும், அதனால் உங்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கப்போகிறேன், சில சந்தேகங்கள் இருக்கின்றன என்றாய். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் யார் யாரோ என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள், இப்போதுதான் என் மகன் கேட்கிறான். வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் நீ சொன்னாய்: “இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஃபாரத்துல கேட்டிருக்காங்க. வலிப்பு, ஆஸ்துமா, ஹார்ட் பிரச்சினை, இதுக்கெல்லாம் எப்பவாவது டிரீட்மென்ட் எடுத்திருக்கீங்களான்னு. எனக்குச் சின்ன வயசுல ஏதாவது இருந்துச்சா?”

“ஒண்ணும் இல்லப்பா. உனக்கென்ன, கல்லு மாதிரி இருந்தே” என்றேன்.

பவித்ரா சிரித்தாள். “இப்பவும் கல்லு மாதிரிதான் அத்தை இருக்கார். சோபாவ விட்டு அசையறதே இல்ல.” நீயும் சிரித்தாய். “அப்ப எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடறேன். சனிக்கிழமை பணம் கட்டிடுவேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

தம்பி, நான் சொன்னது பொய். உனக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. இரண்டு முறை வந்தது. மூன்று வருடம் அதற்கு மருந்து சாப்பிட்டாய். ஒன்பதாவது வயதில் டாக்டர் மருந்தை நிறுத்தினார், அதன்பிறகு இந்தப் பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் வந்தது வந்ததுதான். சனிக்கிழமை நீ பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரவேண்டும் என்பதற்காக இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நேற்று மாலை போன் செய்தேனே, நினைவிருக்கிறதா? ரசத்துக்குப் புளி கரைப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வைத்தேன். நீகூட, “இதுக்கா இந்த நேரத்துல கூப்பிட்டே?” என்றாய். இதற்கில்லை.

அது ஒரு வெயில் நாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் நீ வழக்கம்போல தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. உன் தலை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது, கண் மேலே போயிற்று, கை வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. யாரோ ஒருவர் பின் சீட்டிலிருந்து ஒரு சாவிக்கொத்தை உன் கைக்குள் திணித்தார். “இரும்பு பட்டா நின்னுடும்மா, பயப்படாதீங்க.” சாவியால் நிற்காது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அன்று தெரியாது. மாம்பழச்சாலையில் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரே உன்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் நீ விழித்துக்கொண்டு, “பாலம் வந்துடுச்சா?” என்று கேட்டாய். அந்தச் சாவிக்கொத்து என் கையிலேயே இருந்தது. யாருடையதோ தெரியவில்லை. அந்த மனிதர் அன்று வீட்டுப் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போயிருப்பார். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது முறை வீட்டில், காய்ச்சல் எதுவும் இல்லாமல், டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். தென்னூரில் உன்னைப் பார்த்த டாக்டர் பொறுமையான மனிதர். “மூணு வருஷம், ஒரு வேளைகூட விடாமக் குடுங்க. நிறையப் பிள்ளைங்களுக்கு இதோட நின்னுடும்” என்றார். நாங்கள் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: “பையன்கிட்ட அவன் வயசுக்கு ஏத்த மாதிரி சொல்லிடுங்க. பெரியவனானா கட்டாயம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். வண்டி ஓட்டுவான், வேற டாக்டர்கிட்ட போவான், அங்கெல்லாம் அவனே சொல்லணும்.” நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா என்னிடம், “யார்கிட்டயும் சொல்ல வேணாம். ஸ்கூல்ல தெரிஞ்சா தனியா உக்கார வெச்சிடுவாங்க. நாளைக்குப் பொண்ணு யார் குடுப்பா?” என்றார். உனக்கு அப்போது ஆறு வயது. முன்பல் விழுந்திருந்தது. உனக்குப் பெண் கிடைக்குமா என்று நாங்கள் கவலைப்பட்டோம். அப்பாமேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொல்லாவிட்டால் அதையே நான் சொல்லியிருப்பேன்.

தினமும் இரண்டு வேளை மாத்திரை. எதற்கு என்று நீ கேட்டாய். ஞாபக சக்தி மாத்திரை என்றேன். நீயும் நம்பினாய். உன் வாய்ப்பாடு தெளிவாக இருந்ததற்கும், ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்ததற்கும் அந்த மாத்திரைதான் காரணம் என்று பெருமையடித்துக்கொள்வாய். மூன்றாம் வகுப்பு அரைப்பரீட்சையில் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும், ஆனால் ஏன் நடந்தது என்று தெரியாது. கணக்குப் பரீட்சையன்று உன் நண்பன் ஜெரால்டு பயந்துபோய் அழுதிருக்கிறான். நீ பெரிய மனதோடு உன் மாத்திரையைக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்திருக்கிறாய். அந்தப் பிள்ளை முதல் கணக்கை எழுதிவிட்டு மேஜையிலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டான். அவன் அம்மா இன்னொரு பள்ளியில் டீச்சர். மாலையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். “அக்கா, உங்க பையன் ஏதோ மாத்திரை குடுத்தானாமே. என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லுங்க, டாக்டர் கேக்கறாங்க.” தம்பி, அந்த அம்மா சண்டை போட வரவில்லை. ஒரு பெயரைத்தான் கேட்டார். நான், “சளிக்குக் குடுக்கறதுதாங்க” என்றேன். ஜெரால்டு அடுத்த நாள் நன்றாக எழுந்து பள்ளிக்கு வந்துவிட்டான். அவன் வராமல் போயிருந்தால் என்ற நினைப்பை நான் இன்றுவரை முழுதாக நினைத்து முடித்ததில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுவேன். உன்னைத்தான் அன்று அடித்தேன். நல்லது செய்ததற்கு ஏன் அடி வாங்கினோம் என்று நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இதை மன்னிக்கும்படி கேட்கிறேன்.

இப்படிப் பழகிய கைதான் பிறகு அப்பாவின் ஃபாரத்தையும் நிரப்பியது. நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, அப்பாவோடு வையம்பட்டியில் ஒன்றாகப் படித்தவர் ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக நம் வீட்டுக்கு வந்தார். கேசரி செய்து கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா ஃபாரத்தை என்னிடம் தந்தார். இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்வியில் நிறுத்தி அவரைப் பார்த்தேன். அப்பா அப்போதே மூன்று வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏஜென்ட், “எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடும்மா. ஆமான்னு போட்டா டெஸ்ட்டுக்கு அலைய விடுவான், பிரீமியம் ஏத்துவான். பி.பி. இல்லாத ஆளு இந்த ஊர்ல யாரு?” என்றார். சிரித்தோம். அழகான எழுத்தில் வரிசையாக ‘இல்லை’ என்று எழுதினேன். இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு அப்பா உண்மையைச் சொன்னார், ஐந்து வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று. டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் குறிப்பில் அது அப்படியே ஏறியது. என் ஃபாரத்தையும் அந்தக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உண்மையை மறைத்து எடுத்த பாலிசி என்று கம்பெனி கிளைமைத் தள்ளிவிட்டது. அவர்கள் செய்தது தவறு என்று என்னால் ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. அது என் கையெழுத்து.

வையம்பட்டியில் இருந்த நிலத்தை விற்றுத்தான் அந்தப் பில்லைக் கட்டினோம் என்பது உனக்குத் தெரியும். பிளஸ் டூ முடிந்ததும் கோயம்புத்தூர் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்தபோது, உன்னைப் பிரிந்து இருக்க முடியாது என்று நான் அழுதேனே, அந்த அழுகையின் பின்னாலும் இந்த விஷயம்தான் இருந்தது. விடுதிக்கும் ஃபீஸுக்கும் கையில் ஒன்றுமில்லை. நீ நம் ஊரிலேயே படித்தாய், அம்மாவுக்காக. சரிம்மா என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கிளைமுக்காகப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜைக்கு நடையாக நடந்தேன். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன். எங்கே கையெழுத்து, எந்தப் பேப்பருக்கு நகல் என்று சொல்லிக் கொடுப்பேன். இதைப் பார்த்த மேனேஜர், “பி.காம். படிச்சிருக்கீங்க, இங்கயே வந்து உக்காந்துடுங்களேன்” என்றார். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஒன்பது வருடமாக நான் அதிகம் கேட்கும் கேள்வி, “இதுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சா?” என்பது. அதிகம் கேட்கும் பதில், “ஒண்ணும் இல்லைங்க.” சட்டைப் பையில் பி.பி. மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும், வாய் இல்லை என்று சொல்லும். அந்தச் சமயத்தில் எனக்கு வரும் கோபம் இருக்கிறதே! அந்தக் கோபத்தோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, உன்னிடம் பேசும்போது நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ போன் செய்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை, மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் மகளை மூச்சுத் திணறலுக்காக அட்மிட் செய்திருந்தார்கள். கம்பெனியிடம் அனுமதி கேட்கும் படிவத்தில் எத்தனை நாளாக வீசிங் என்று எழுத வேண்டும். “முந்தாநாள்லேருந்துதான் மேடம்” என்றார். அவர் கையிலிருந்த இன்ஹேலரில் லேபிள் பாதி உரிந்து போயிருந்தது. “இது புதுசு மாதிரி இல்லையேம்மா?” என்றேன். “அது அவ ஃப்ரெண்டோடது.” பக்கத்தில் இருந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நான் மாற்ற முடியாது, அங்கே ஒன்று இங்கே ஒன்று இருந்தால் கிளைம் நின்றுவிடும், உண்மையைச் சொல்லுங்கள் என்று. அந்த அம்மா குனிந்து, என் மேஜைக்குள்ளேயே பேசுவதுபோலச் சொன்னார்: “நிச்சயம் ஆயிருக்கு மேடம். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா எங்கெங்க போகுமோ. நீங்களும் புள்ள பெத்தவங்கதானே? உங்க புள்ளைக்குன்னா ஊரறிய இப்படி எழுதுவீங்களா?”

டோக்கன் வாங்கியவர்கள் எட்டுப் பேர் பின்னால் நின்றார்கள். பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு, “நேத்து என் பையன் கேட்டான்மா. நான் எழுதல. தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பன்னெண்டு வயசுலேருந்து மேடம். பாலிசி எடுக்கறப்பவே அவ அப்பா எழுதிக் குடுத்துட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல” என்றார். பாலிசி எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காத்திருப்புக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. மாலைக்குள் அனுமதி வந்துவிட்டது. முந்தாநாள் என்று எழுதியிருந்தால்தான் சிக்கியிருக்கும்.

அன்று மாலைதான் உன்னிடம் ரசம் பற்றிப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் கேள்விகளுக்கு அவசரமாகப் பதில் சொன்னேன், இப்போது நிதானமாக எழுதுகிறேன், வைத்துக்கொள். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போது சொந்தமாக எதற்கு என்று பவித்ரா கேட்டாள். கம்பெனியுடையது வேலையோடு வரும், வேலையோடு போகும். நடுவில் ஒரு மாதம் சும்மா இருந்தால் அந்த மாதத்தில்தான் குடல்வால் வெடிக்கும், நான் பார்த்திருக்கிறேன். இளம் வயதில் எடுத்தால் காத்திருப்புக் காலமெல்லாம் நீ ஆரோக்கியமாக இருக்கும்போதே கழிந்துவிடும். மாதா மாதம் கட்டலாமா என்றாய். முடிந்தால் வருடத்துக்கு ஒரு முறை கட்டு. பேங்க் கார்டு மாறி, தவணை எடுக்கப்படாமல் போய், பாலிசி செத்துப்போனதுகூடத் தெரியாமல் கார்டை நீட்டுபவர்கள் என் மேஜைக்கு வருகிறார்கள். தேதி தவறினாலும் சில நாள் அவகாசம் கொடுப்பார்கள், அதையும் விட்டால் இத்தனை வருடம் காத்திருந்ததெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து. ரூம் வாடகைக்கு எல்லை வைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் பார். எல்லைக்கு மேல் வாடகை உள்ள ரூமில் படுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும்தான் நம் கையை விட்டுப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவு என்று பலவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று ஏ.சி. ரூம் வாசலில் நின்று என்னிடம் சண்டை போடுபவர்களில் பாதிப் பேர் இந்த விஷயம் தெரியாதவர்கள்தான். பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதி உன் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து, பெயரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவை. பிரசவச் செலவுக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்றும் பார். நான் அவசரப்படுத்தவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன்.

எங்களையும் உங்கள் பாலிசியில் சேர்க்கட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். மூத்தவர் வயதை வைத்துத்தான் மொத்தப் பிரீமியத்தையும் போடுவார்கள், வருடா வருடம் உங்களுக்குச் சுமை. எங்களுக்குத் தனியாக இருக்கிறது. அதை எடுத்த கதையையும் சொல்கிறேன். இந்த முறையும் ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், ஆம். இதயத்தில் ஸ்டென்ட், ஆம். முன்பு கிளைம் மறுக்கப்பட்டதா, ஆம். இரண்டு கம்பெனிகள் வேண்டாம் என்று திருப்பிவிட்டன. மூன்றாவது கம்பெனி பிரீமியத்தைக் கூட்டி, இதயம் சம்பந்தப்பட்டதற்கு மூன்று வருடம் காத்திருக்கச் சொல்லி எடுத்துக்கொண்டது. காத்திருந்தோம். போன வருடம் அப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு கேள்வி இல்லாமல் பணம் வந்தது. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

உன் விஷயத்திலும் ‘ஆம்’ என்று போட்டால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய பேப்பர் கேட்பார்கள். ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அதற்கு மட்டும் காத்திருப்புக் காலம் வைக்கலாம், பதினாறு வருடம் ஆகிவிட்டதே என்று ஒன்றும் சொல்லாமலும் விடலாம். யாராவது மறுத்தால் இன்னொரு இடத்தில் கேட்போம், அங்கே போகும்போது இங்கே மறுத்ததையும் சொல்லுவோம். இந்த மாதத்துக்குள் முடியாமல் போனால் நடுவில் சில நாள் பாலிசி இல்லாமல் இருக்க நேரிடும். இருந்துகொள். வண்டியை மெதுவாக ஓட்டு. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டால் சனிக்கிழமையே பாலிசி வந்துவிடும், வாழ்த்துச் செய்தியும் வரும். அதை நம்பிப் பத்து வருடம் கட்டுவாய். ஒரு நாள் எங்கேயாவது நீ மயங்கி விழுந்தால், பவித்ரா ஒரு மேஜைக்கு முன்னால் நிற்பாள். மேஜைக்குப் பின்னால் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்து, “இதுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்பாள். பவித்ரா என்ன பதில் சொல்லுவாள்? அவளுக்கு நாங்கள் எதையுமே சொல்லவில்லையே.

இன்சூரன்ஸைவிட எனக்கு உறுத்துவது இதுதான். மலைக்கோட்டையில் பவித்ரா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, உன் ஜாதகத்தைப் பரணில் இருந்த மஞ்சள் துணிப்பையிலிருந்து எடுத்தேன். அதே பையில்தான் டாக்டரின் குறிப்பு நோட்டும், ஒயர் வைத்து எடுத்த ரிப்போர்ட்டும் இருந்தன. பாதுகாக்க வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று வைத்தது. ஜாதகத்தை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை உள்ளே தள்ளிப் பையைக் கட்டினேன். அங்கே பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே பவித்ராவின் அம்மா, “பையனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்களே? கேக்கணும்னு இல்ல, ஒரு பேச்சுக்குத்தான்” என்றார். எல்லா வீட்டிலும் கேட்பதுதான், எல்லா வீட்டிலும் சொல்லும் பதில்தான். “ஒண்ணும் இல்லைங்க” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை தம்பி. அவ்வளவு பழகியிருந்தது. கிரகம் எந்த வீட்டில் இருக்கிறது என்று இரண்டு ஜோசியர்கள் பார்த்தார்கள். அந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒரு காகிதத்தில் பரணில் கிடந்தது.

பவித்ராவுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியாது. கோபப்படலாம். அவள் கோபம் என்மேல் இருக்கட்டும். உனக்கே தெரியாததை நீ எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்குப் புரியும், கெட்டிக்காரி. அவள் அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் உங்கள் விஷயம்தான், இனி நானாக எதையும் முடிவு செய்வதாக இல்லை. நீ ஒரு நல்ல நரம்பு டாக்டரை ஒருமுறை பார். மருந்துக்காக இல்லை, உன் உடம்பைப் பற்றி அவர் வாயால் நீ கேட்டுக்கொள்வதற்காக. ராத்திரி கண்விழித்து வேலை செய்யலாமா, வண்டி ஓட்டுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா என்றெல்லாம் நீயே கேள். இருபது வயதிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். கேட்க விடாமல் செய்தது நான்.

இதை எழுதப்போகிறேன் என்று இன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “பதினாறு வருஷமா ஒண்ணும் வரல. இப்ப எதுக்கு அதைக் கிளறுறே?” என்றார். “சனிக்கிழமை கையெழுத்துப் போடப் போறான். அன்னிக்கு உங்க ஃபாரத்துல என் கையெழுத்து. இப்ப அவன் ஃபாரத்துல என் பொய், அவன் கையெழுத்து” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். கோபத்தோடு கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஸ்டென்ட் வைத்த மனுஷன் பரண் ஏறலாமா என்று நான் கத்துவதற்குள் மஞ்சள் பையோடு இறங்கிவிட்டார். தூசியைத் தட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, “நகல் எடுத்து அனுப்பாதே. ஒரிஜினலையே அனுப்பு. அது அவனோடது” என்றார். பிறகுதான் கடைக்குப் போனார்.

அந்த நோட்டும் ரிப்போர்ட்டும் இதோடு இருக்கின்றன. பக்கங்கள் பழுப்பாகிவிட்டன, ஆனால் எழுத்து தெரிகிறது. எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மருந்து, எப்போது நிறுத்தினார்கள் என்று எல்லாம் இருக்கிறது. ஃபாரத்தில் கேட்கும் இடத்தில் அதைப் பார்த்து எழுது. ஞாபகத்திலிருந்து எழுதாதே. என்ன மருந்து என்று கேட்டால் அந்தப் பெயரையே எழுது, ஞாபக சக்தி மாத்திரை என்று எழுதிவிடாதே. ஜெரால்டின் நம்பர் உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்பு. அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒரு பெயர் என்னிடம் பாக்கி இருக்கிறது.

கூரியர் கடை இன்னும் ஒரு மணி நேரத்தில் மூடிவிடும். வியாழக்கிழமை கிடைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். உறைமேல் உன் பெயரோடு பவித்ராவின் பெயரையும் எழுதியிருக்கிறேன். இருவரும் சேர்ந்து பிரியுங்கள். படித்து முடித்ததும் உடனே பேச வேண்டும் என்றில்லை. பேசத் தோன்றும்போது, அது எந்த நேரமாக இருந்தாலும், கூப்பிடு. மறுபடியும் ஸ்பீக்கரில் போடு, அவளும் பக்கத்தில் இருக்கட்டும். அதே கேள்வியை அதேபோலக் கேள்: “அம்மா, எனக்குச் சின்ன வயசுல ஏதாவது இருந்துச்சா?”

இந்த முறை நான் சரியாகச் சொல்கிறேன்.

அம்மா
ஸ்ரீரங்கம்